கண்ணில் விட்ட மீன் எண்ணெய்

எங்கள் ஊரில் விதை நெல் போடுகிற வீடுகள் ஏழெட்டு இருக்கும். ஏழெட்டு வீட்டுக்கும் ஒரே ஜெயம்மாள்தான். கலவன் எடுக்க அவள் வரவில்லை என்றால், நாங்கள் போட்டிருப்பது விதை நெல்லா அரிசி மில்லுக்குப் போகிற நெல்லா என்பது அந்தப் பெருமாளுக்கே வெளிச்சம்.

கலவன் என்றால் பெரிய சமாச்சாரம் ஒன்றும் இல்லை. நாம் போட்ட ரகத்துக்கு நடுவே வேறு ரகத்துப் பயிர் ஒன்றிரண்டு கலந்து முளைத்து நிற்கும். சாப்பாட்டு நெல்லில் அதை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். விதை நெல்லில் வேரோடு பிடுங்கி வரப்புக்கு வெளியே போட்டாக வேண்டும். விதைச் சான்று ஆபீசர் வந்து வயலுக்குள் நடந்து பார்ப்பார். அளவுக்கு மேல் கலவன் அவர் கண்ணில் பட்டுவிட்டால் விதை இல்லை என்று எழுதிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். நாலு மாத உழைப்பு அரிசி மில்லுக்குத்தான்.

ஜெயம்மாள் விடிந்ததும் வயலில் இறங்குவாள். வெயிலை முதுகுக்குக் கொடுத்து, கண்ணைச் சுருக்கி, கதிர்களின் தலைமேலேயே பார்வையை ஓட்டிக்கொண்டு மெதுவாக நடப்பாள். "காலப் பாக்காதம்மா, தலையப் பாரு" என்று எனக்கும் சொல்லிக் கொடுக்கப் பார்த்தாள். நானும் பார்த்தேன். எனக்குப் பச்சையாக ஒரு வயல் தெரிந்தது, அவ்வளவுதான். அவளுக்கோ அரை விரல் உயரம் கூடினது, இலை கொஞ்சம் சாய்ந்து நிற்பது, நெல் நுனியில் மீசை இருப்பது எல்லாம் இருபதடி தள்ளியிருந்தே தெரிந்துவிடும். அவள் நடந்து முடித்த வயலில் ஆபீசர் ஒருவர் இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு, "இந்தம்மாவ எங்க ஆபீசுக்கு அனுப்பிடுங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னதும் உண்டு.

நான் செல்லம்மாள். ராஜாராம் வீட்டுக்காரி. எனக்கு வாய் நீளம் என்று உத்திரமேரூர் சந்தை வரைக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் அதிகம் பேசமாட்டார், அவர் பங்கையும் சேர்த்து நானே பேசிவிடுவேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது தன் வாயால் தானே கெடுகிறது. என் வாயால் கெட்டது இன்னொருத்தி.

ஜெயம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. என்னை "ம்மா" என்று கூப்பிடுவாள், ஆனால் "நீ" என்றுதான் பேசுவாள். எங்கள் பக்கத்தில் அதில் மரியாதைக் குறைச்சல் ஒன்றும் இல்லை. புருஷன் முனியன் செங்கல் சூளையில் வேலை செய்தவன், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். ஒரே மகள் இளமதி. மானாம்பதியில் கட்டிக் கொடுத்தாள். கட்டிக் கொடுத்து நாலு வருஷமாகியும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை.

திருப்புட்குழிப் பெருமாள் கோயிலில், பிள்ளை இல்லாத பெண்கள் வறுத்த பயறை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு படுப்பார்கள். விடிந்து பார்க்கும்போது வறுத்த பயறு முளைவிட்டிருந்தால் பிள்ளை பிறக்கும் என்பது நம்பிக்கை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஜெயம்மாள் இளமதியையும் அங்கே அழைத்துக்கொண்டு போனாள். பயறு முளைத்ததா என்று நான் கேட்டதற்கு, "ஒன்னு ரெண்டு மொளச்சா மாரிதாம்மா இருந்துது" என்றாள். அந்த "மாரி" அவளுக்குப் போதவில்லை போலிருக்கிறது. மகளுக்குப் பிள்ளை பிறந்து அதைத் தூக்கிக்கொண்டு வந்து சன்னதியில் காட்டுகிற வரைக்கும் கவுச்சி வாயில் படாது என்று தானாகவே நேர்ந்துகொண்டு வந்துவிட்டாள். ஏரி மீனுக்கு உயிரை விடுகிறவள். சித்திரையில் ஏரி வற்றினால் அவள் தெரு முழுக்க மீன் குழம்பு கொதிக்கும். அவள் ஒருத்தி வீட்டில் மட்டும் கத்தரிக்காய் வேகும்.

இது நடந்தது போன வருஷம் தை மாசம். பொங்கல் முடிந்த கையோடு வேலை. ஆபீசர் திங்கட்கிழமை வருகிறார் என்று தகவல் வந்துவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் ஜெயம்மாள் பாதி வயல்தான் முடித்திருந்தாள். வழக்கமாக அவ்வளவு நேரம் பிடிக்காது. அவள் பார்த்துவிட்டு வந்த பாத்தியில் என் கண்ணுக்கே இரண்டு கலவன் தெரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"இன்னா ஜெயம்மா, தூங்கிக்கினே நடக்கறியா?" என்றேன்.

"கண்ணு ஒரு மாசமாவே இப்டித்தாம்மா கீது. எரியுது. மண்ண வாரிப் போட்டா மாரி உறுத்துது. கிட்டக்க இருக்கறது மசமசன்னு தெரியுது." முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். "நாளைக்கு உத்திரமேரூர் ஸ்கூல்ல கண்ணு கேம்ப்பு போடறாங்களாம். காத்தால ஒரு எட்டு போய் காமிச்சிக்கினு வந்துடறேம்மா. மத்தியானத்துக்குள்ள வந்துடுவேன்."

கேம்ப்பு என்றால் வரிசை, சீட்டு, மருந்து போட்டு உட்கார வைப்பது என்று சாயங்காலம் ஆகிவிடும். கண்ணில் மருந்து விட்டுவிட்டால் அன்றைக்கு வயலுக்குள் இறங்கவும் முடியாது.

"திங்கக்கெழம ஆபீசர் வந்து நிப்பாரு. பாதி வயலு அப்படியே கீது. உனக்கு இப்பதான் கேம்ப்பு வந்துதா? கேம்ப்பு இன்னா ஓடியா பூடும்? அடுத்த மாசமும் போடுவான்."

"சரிம்மா" என்று தலையை ஆட்டினாள். என்னை எதிர்த்து அவள் எப்போதுமே பேசினதில்லை. எனக்குத்தான் மனசு கொஞ்சம் உறுத்தியது. வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று உள்ளே போய் ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தேன்.

என் மகள் கீர்த்தி சென்னையில் கம்ப்யூட்டர் முன்னால் நாள் முழுக்க உட்காருகிற வேலை செய்கிறாள். கண் வறண்டு போகிறது என்று போனில் எதையோ பார்த்துவிட்டு மீன் எண்ணெய் மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தாள். பொங்கலுக்கு வந்தவள் பாதி டப்பாவை விட்டுவிட்டுப் போய்விட்டாள். பொன் நிறத்தில், புளியங்கொட்டை அளவில், உள்ளே எண்ணெய் ததும்பிக்கொண்டு பார்க்க அழகாகத்தான் இருந்தது. கண்ணுக்கு நல்லது என்று மகள் சொன்னாள், நானும் நம்பினேன். எந்தக் கண்ணுக்கு, என்ன கோளாறுக்கு என்று அவளும் எந்த டாக்டரையும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

"இந்தா. தெனம் ஒன்னு முழுங்கு. கண்ணுக்கு நல்லதாம். கீர்த்தியே இதத்தான் முழுங்கறா."

வாங்கித் திறந்தவள் மூக்கைச் சுளித்தாள். "இன்னாம்மா இது, மீனு வாசன அடிக்குது?"

"மீன் எண்ணெய்தான். அதுக்கின்னா? மாத்திரதானே, மீனா?"

"அய்யய்ய, வேணாம்மா. நேந்துக்கினு கீறேனே. வாயில படக்கூடாது." டப்பாவை என்னிடமே நீட்டினாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கேம்ப்புக்குப் போகவிடாமல் தடுத்த குற்றத்தை அந்த டப்பாவைக் கொடுத்துக் கழுவிக்கொள்ளலாம் என்று பார்த்தால், இவள் அதையும் திருப்பித் தருகிறாளே என்கிற கோபம் அது. இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை.

"வாயில படக்கூடாதுன்னா கண்ணுலயே ஊத்திக்க, போ! கண்ணுக்குத்தானே எண்ண!" என்று கத்தினேன்.

ஜெயம்மாள் என் முகத்தைப் பார்த்தாள். ஏதோ கேட்க வருகிறவள்போல வாயைத் திறந்தாள். அப்புறம் மூடிக்கொண்டாள். டப்பாவை ஒயர் கூடையில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டாள்.

வெளியூர்க்காரர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றலாம். மாத்திரையை யாராவது கண்ணில் ஊற்றுவார்களா என்று. எங்கள் பக்கத்தில் கண்ணில் எண்ணெய் விடுவது புதிது இல்லை. குழந்தையைக் குளிப்பாட்டினால் கண்ணுக்கு ஒரு சொட்டு விளக்கெண்ணெய், சூட்டில் கண் எரிந்தால் படுக்கப் போகும்போது ஒரு சொட்டு விளக்கெண்ணெய். கேட்டால் தப்பு என்றுதான் டாக்டர் சொல்வார், ஆனால் யார் கேட்கிறார்கள்? மாத்திரையை ஊக்கால் குத்திப் பிதுக்குவதும் அவளுக்குப் புதிது இல்லை. என் மகள் எங்கள் கிணற்றடியில் உட்கார்ந்து வேறு ஏதோ மாத்திரையை அப்படித்தான் குத்தி முகத்தில் தடவிக்கொள்வாள். ஜெயம்மாள் அதை வேடிக்கை பார்த்திருக்கிறாள். வாய்க்கு விரதம், கண்ணுக்கு ஏது விரதம்? எல்லாம் சரியாகத்தான் பொருந்தியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வயலில் இருந்தாள். மத்தியானம் ஒரு கதிர் சுரீரென்று வலது கண்ணில் அடித்துவிட்டது. நான் வரப்பில் நின்று பார்த்தேன். கொஞ்ச நேரம் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றாள். "இன்னாச்சி?" என்று கேட்டேன். "ஒன்னுமில்லம்மா, நெல்லு மூக்கு பட்டுச்சி" என்று சொல்லிவிட்டு மறுபடியும் நடந்தாள். நானும் விட்டுவிட்டேன். சூரியன் சாய்வதற்குள் இன்னும் நாலு பாத்தி பாக்கி இருந்ததே.

திங்கட்கிழமை ஆபீசர் வந்தார், நடந்தார், தலையை ஆட்டினார், கையெழுத்துப் போட்டார். நான் அவருக்கு மோர் கொடுத்தேன். ஜெயம்மாள் வரப்பில் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "தேவலாம்மா" என்றாள். நான் கொடுத்த வைத்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

வேலை முடிந்துவிட்டதால் அந்த வாரம் அவளைத் தேடவும் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில், அம்மாவைப் பார்க்க வந்திருந்த இளமதி ஓடிவந்தாள். "அம்மாக்கு கண்ணு வீங்கிக்கினு கீதும்மா. தொறக்கவே முடில. வலியில துடிக்குது. யார்ட்டயும் சொல்லாம எங்கிட்டகூட மறச்சிக்கினு இருந்துது" என்று அழுதாள்.

போய்ப் பார்த்தேன். வலது கண் தக்காளிப் பழமாகச் சிவந்து, கருவிழியில் வெள்ளையாக ஒன்று படர்ந்திருந்தது. பாய்க்குப் பக்கத்தில் கீர்த்தியின் டப்பா, மூடிமேல் ஒரு ஊக்கு. சனிக்கிழமையிலிருந்து தினம் ஒரு மாத்திரையைக் குத்தி இரண்டு கண்ணிலும் விட்டிருக்கிறாள். கதிர் அடித்த கண்ணுக்குக் கூடவே இரண்டு சொட்டு. எரிந்தபோது சூடு வெளியே வருகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

என் வீட்டுக்காரர் காரை எடுத்தார். செங்கல்பட்டு போனோம், அங்கிருந்து சென்னைக்கு, பெரிய கண் ஆஸ்பத்திரிக்கு. டாக்டர் சின்னப் பெண், கீர்த்தி வயசுதான் இருக்கும். விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். நெல் மூக்கு கீறின இடத்தில் பூஞ்சை பிடித்திருக்கிறது, அன்றைக்கே வந்திருந்தால் சுலபமாக முடிந்திருக்கும், அதன்மேல் அழுக்கு ஊக்கும் எண்ணெயுமாக ஐந்து நாள் ஊற்றியிருக்கிறீர்கள் என்றாள்.

"இது முழுங்கற மாத்திரைம்மா. இத கண்ணுல விடச் சொன்னது யாரு?"

ஜெயம்மாள் திறக்க முடிந்த கண்ணால் என்னைத் தேடினாள். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்தது எனக்குத் தெரியும்.

"யாரும் சொல்லலம்மா. நானாத்தான் வுட்டுக்கினேன்" என்றாள்.

ஊரையே கூட்டுகிற என் வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. டாக்டர் தலையில் அடித்துக்கொண்டாள். "படிக்காதவங்கன்னா இப்படியா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் படித்தவள் மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

வெளியே வந்தபிறகு டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டேன், முதலில் அவளுக்கு என்னதான் கோளாறு இருந்தது என்று. வயசானால் வருகிற வெள்ளெழுத்துதான், ஒரு கண்ணாடி போட்டால் போதும், வறட்சிக்கு ஒரு சொட்டு மருந்து, இந்த மாத்திரையை விழுங்கியிருந்தாலும் அதற்கு ஒரு பிரயோஜனமும் இருந்திருக்காது என்றாள். "ஏதாவது கேம்ப்புல காட்டியிருந்தா பத்து நிமிஷ வேலை" என்றும் சொன்னாள்.

மூன்று மாதம் மருந்து விட்டார்கள். இடது கண் தப்பியது. வலது கண்ணில் பூ விழுந்துவிட்டது. வெளிச்சம் தெரிகிறது, ஆள் தெரியவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். கெட்டது அவள் கண், நமஸ்காரம் நான் செய்தேன். ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு தடவையும் நானே கூட்டிக்கொண்டு போனேன், கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன், வீட்டுக்கு அரிசி அனுப்பினேன். ஊரில் என்னைத் தெய்வம் என்றார்கள். ஜெயம்மாளும் எல்லோரிடமும், "அந்தம்மா இல்லன்னா இன்னொரு கண்ணும் போயிருக்கும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். அதைக் காதால் கேட்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

இந்தத் தை மாசமும் கலவன் எடுக்க வந்தாள். வேண்டாம் என்றேன். "ஒரு கண்ணு கீதேம்மா, அது போதும்" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். வலது பக்கமாக நிற்பது எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. தலையை முழுக்கத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அப்படியும் விட்டுப்போனது. நான் பத்தடி பின்னால் நடந்து, அவள் விட்டதைச் சத்தமில்லாமல் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு போய்த் தூரத்தில் போட்டேன். இருபது வருஷமாக எனக்குத் தெரியாத கலவன் இப்போது எனக்குத் தெரிகிறது. இந்தப் பாடத்தை நான் கற்றுக்கொள்ளாமலே இருந்திருக்கலாம்.

பங்குனியில் இளமதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஒரு மாதம் கழித்துத் திருப்புட்குழிக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சன்னதியில் காட்டிவிட்டு வந்தார்கள். மறுநாளே ஜெயம்மாள் வந்து நின்றாள். "நேத்திக்கடன் முடிஞ்சிதும்மா. ஏரியில விரால் வாங்கி கீறேன். நீ எங்க வூட்டுக்கு வந்து துன்னணும்."

அவள் என் வயலுக்கு வர ஆரம்பித்து இருபது வருஷம் ஆகிறது. உடம்பு சரியில்லாதபோது போய்ப் பார்த்திருக்கிறேன், வாசலில் நின்று கூப்பிட்டிருக்கிறேன். அவள் வீட்டில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டதில்லை. போனேன். இளமதி இரண்டு பேருக்கும் தட்டு வைத்துச் சோறு போட்டாள். குழந்தை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. ஜெயம்மாள் மீன் துண்டைக் கையில் எடுத்து, கட்டை விரலால் தடவித் தடவி முள்ளைத் தேடினாள். ஐந்து வருஷம் கழித்துச் சாப்பிடப்போகிற முதல் மீன். தட்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள், தள்ளி வைத்துப் பார்த்தாள்.

இளமதி தண்ணீர் எடுக்க வெளியே போனாள். சொல்லிவிட்டேன்.

"ஜெயம்மா, அன்னிக்கு கண்ணுல ஊத்திக்கன்னு சொன்னேனே. அது கோவத்துல சொன்னது. நெசமா சொல்லல."

அவள் கை நின்றது. திட்டுவாள் என்று நினைத்தேன், அழுவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

"எனக்கும் அன்னிக்கு சந்தேகமாத்தாம்மா இருந்துது. நீ கோவத்துல சொல்றியா, நெசமா சொல்றியான்னு. கேக்கலாம்னு வாயத் தொறந்தேன். திருப்பிக் கேட்டா இன்னும் கத்துவியேன்னு வுட்டுட்டேன்."

நேற்று மழை பெய்தது என்று சொல்வதுபோல, குறையே இல்லாமல் சொன்னாள். அவ்வளவு நாளும் நான் என் ஒரு வார்த்தையைத்தான் நினைத்து வெந்துகொண்டிருந்தேன். வார்த்தை இல்லை. இருபது வருஷமாக அவள் இன்னொரு தடவை கேட்க முடியாதவளாக நான் இருந்திருக்கிறேன். அதற்குத்தான் அந்தக் கண் போனது.

நான் அவள் தட்டை என் பக்கம் இழுத்தேன். துண்டைப் பிட்டு, நடுமுள்ளை எடுத்து, சின்ன முள்ளையும் பொறுக்கி ஓரமாக வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினேன். அவள் ஒரு வாய் எடுத்து உதட்டுக்குக் கிட்டே கொண்டுபோய் நிறுத்தினாள்.

"முள்ளு இல்லியேம்மா?"

"இல்ல."

கை அப்படியே நின்றது. என் முகத்தை ஒரு கண்ணால் பார்த்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

"நல்லா பாத்தியா?"

அவள் கையைப் பிடித்து, விரலுக்கு நடுவில் இருந்ததை இன்னொரு முறை பிரித்துப் பார்த்தேன்.

"பாத்துட்டேன் ஜெயம்மா. துன்னு" என்றேன். அவள் சாப்பிட்டாள்.